மாமாவும் மலைக்காற்றும்

காந்தலில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. சித்திரை பிறந்துவிட்டால் போதும், இந்த உலகத்தில் நமக்கு எத்தனை உறவினர்கள் இருக்கிறார்கள் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். ஆடி மாதத்து மழையும் காற்றும் கூரையைப் பிய்க்கிறபோது ஒருவரும் வரமாட்டார்கள். அது வேறு விஷயம். கோடையில் வருகிறவர்கள் காந்தல் முக்கோணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செய்கிற முதல் காரியம், மார்பை அகல விரித்து ஒரு நீண்ட மூச்சு இழுப்பதுதான். "ஆஹா! காற்று என்றால் இதுவல்லவா காற்று!" என்பார்கள். அந்தக் காற்றை ஏதோ நானே வீட்டில் தயாரித்து வைத்திருப்பதுபோல நானும் புன்னகையுடன் அந்தப் புகழ்ச்சியை ஏற்றுக்கொள்வது வழக்கம்.

இந்தப் பெருமையினால் நான் செய்த ஒரு பெரும் பிசகைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பல வருஷங்களாகச் சொல்லாமல் இருந்தது. இந்த வருஷம் அதைச் சொல்லவேண்டிய அவசியம் நேர்ந்துவிட்டது.

1979-ஆம் வருஷம். என் தாயாரின் தம்பி, எனக்குத் தாய்மாமன், கோலார் தங்கவயலில் இருந்தார். வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடிப் போன ஆயிரக்கணக்கான தமிழர்களுள் அவரும் ஒருவர். பூமிக்குக் கீழே பாறையில் துளைபோடும் யந்திரத்தை இருபத்தாறு வருஷம் பிடித்தவர். சுரங்கத்தில் அந்த வேலைக்கு ஒரு மரியாதை உண்டு. மெஷின்காரர் தெருவில் போனால் சிறுவர்கள் வழிவிடுவார்கள். நான் பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போயிருந்த நாட்களில், சங்கு ஊதியதும் ஷாப்டின் வாயிலிருந்து வரும் கூட்டத்தில் மாமாவைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். அத்தனை ஆகிருதி! கழுவின முகத்திலும் புருவ மயிரில் மட்டும் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தை அதைக் கேலி செய்வாள்.

அந்த மாமாவுக்கு ஐம்பது வயதிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டதென்றும், சந்தைக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு இடத்தில் உட்காருகிறாரென்றும் கடிதம் வந்தது. "மார்பில் கல்தூசி உட்கார்ந்திருக்கிறது" என்று அங்கே சொன்னார்களாம். நான் அப்போது புதிதாக உபாத்தியாயர் வேலையில் அமர்ந்தவன்; எல்லாம் தெரிந்தவன். உடனே பதில் எழுதினேன். "தூசியினால் வந்த வியாதிக்குத் தூய காற்றுத்தானே மருந்து? மாமாவை உடனே இங்கே அனுப்பி வையுங்கள். மூன்று மாதத்தில் மாமாவைப் பழைய மாமாவாகத் திருப்பி அனுப்புகிறேன்" என்று எழுதினேன். அந்த வாக்கியம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் அழைத்துவந்தேன். அந்நாளில் அதற்கு நிலக்கரி இஞ்சின். குகைகளுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் கரிப்புகை உள்ளே சூழ்ந்தது. மற்ற பிரயாணிகள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். மாமா மட்டும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாப்பிள்ளை, ஷாப்டுக்குள் இறங்குகிற மாதிரியே இருக்கிறது" என்றார். குன்னூரைத் தாண்டியதும் அவர் பேச்சு நின்றுவிட்டது. குளிர் என்று நினைத்துக் கம்பளியைப் போர்த்தினேன்.

வீட்டில் நடந்த சிகிச்சைகளைப் பற்றி விவரமாகச் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கிறது. நீலகிரித் தைலம் தேய்த்தோம். சுக்குக் கஷாயம் கொடுத்தோம். அண்டை வீட்டார் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், எல்லாவற்றையும் செய்தோம். குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று, கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு அவர் கட்டிலருகே கணப்புச் சட்டியில் கரியை மூட்டி வைத்தோம். அதைக் கிளறிவிடுவதற்கு மாமாவே ஒரு கம்பியைத் தம்முடைய தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தேய்ந்துபோன துளைக்கம்பியின் ஒன்றரை முழத் துண்டு அது. வேலையிலிருந்து நின்றபோது ஞாபகத்துக்காகக் கொண்டுவந்தாராம்.

பத்து நாளில் அவர் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனோம். அவர் எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நுரையீரல் இருக்கவேண்டிய கருப்பு இடத்திலெல்லாம் பனி தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். டாக்டர் படத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "இவரை இந்த உயரத்துக்கு யார் கொண்டுவந்தது?" என்று கேட்டார்.

நேயர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு அன்றுதான் விளங்கிற்று. உதகை கடல்மட்டத்துக்கு மேல் 7,300 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. காற்று தூய்மையானதுதான்; ஆனால் மெல்லியது. கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். நல்ல நுரையீரல் உள்ளவர்கள் அதைக் கவனிப்பதேயில்லை. மாமாவுக்கு இருந்ததோ பாதி நுரையீரல். அதற்கும் நான் கால் பங்கைக் குறைத்துக் கொடுத்தேன்! மீதியிருந்ததைக் கணப்பின் புகை எடுத்துக்கொண்டது.

மறுவாரமே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனேன். சமவெளிக்கு இறங்கியதும் சற்றுத் தேறினார். ஆனால் அதன் பிறகு ஒன்றரை வருஷந்தான் இருந்தார். அந்த ஒன்றரை வருஷமும் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார் என்று அத்தை சொன்னாள்.

காந்தலில் இருந்த அந்தச் சில நாட்களில் ஒரு காலை நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு வெயில் கீற்று அறைக்குள் விழுந்தது. அதில் தூசித்துகள்கள் மின்னிக்கொண்டு மிதந்தன. நான் பதறிப்போய் எழுந்து துணியால் மறைக்கப் போனேன். மாமா கையமர்த்தினார்.

"இதற்குப் பயப்படாதே மாப்பிள்ளை. கண்ணுக்குத் தெரிகிறது ஒன்றும் செய்யாது. என்னைக் கெடுத்தது கண்ணுக்குத் தெரியாதது" என்றார்.

அவர் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்ல. ஆனால் பெரிய ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பதும் அதுவேதான். வெயில் கீற்றில் நாம் காணும் பெரிய துகள்களை மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் பிடித்து வெளியே தள்ளிவிடுகின்றன. தலைமயிரின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத பொடிதான் இந்தக் காவலையெல்லாம் தாண்டி நுரையீரலின் கடைசி அறைவரை செல்லுகிறது. பெரிய தூசி சீக்கிரம் தரையில் படிந்துவிடும்; இதுவோ மணிக்கணக்காகக் காற்றில் நிற்கும். 'தூசி அடங்கிவிட்டது' என்று தொழிலாளி நினைத்து மூக்குத்துணியை அவிழ்க்கிற சமயந்தான் இதற்குச் சமயம். அதிலும் பாறையிலுள்ள சிலிகா, அதாவது படிகக்கல்லின் பொடி, மிகக் கொடியது. உடம்பைக் காக்கும் அணுக்கள் அதை விழுங்கி, ஜீரணிக்க முடியாமல் தாமே மடிகின்றன. அந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. தழும்பு மேல் தழும்பு. சிலிகோஸிஸ் என்று பெயர். க்ஷயரோகத்துக்கும் அது வாசலைத் திறந்துவிடும். ஒருமுறை கட்டிய தழும்பை எந்த மருந்தும், எந்த மலைக்காற்றும் கரைக்காது.

கோலாரின் தங்கம் படிகக்கல்லுக்குள்ளேதான் இருந்தது. ஆகவே ஒவ்வொரு துளையிலும் இந்தப் பொடி எழும். இது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்ததென்று நினைக்கவேண்டாம். 7,000-க்கு மேற்பட்ட கோலார்த் தொழிலாளரைப் பரிசோதித்த ஒரு பெரிய ஆராய்ச்சி 1947-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோஸிஸ் கண்டிருந்தது. மாமா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பல வருஷங்களுக்குப் பின்னால்.

பரிகாரமும் புதிதல்ல. அமெரிக்காவில் லெய்னர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துளைக்கம்பியின் நடுவே நீளத்துக்கும் ஒரு துவாரம் வைத்தார். முதலில் அதன் வழியாகக் காற்றை ஊதினார். துளை வேகமாக விழுந்தது. ஆனால் பொடியெல்லாம் துளைப்பவன் முகத்திலேயே வந்து கொட்டிற்று. சுரங்கத் தொழிலாளர் அதைத் தொடமாட்டோமென்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவர் அதே துவாரத்தில் தண்ணீரை விட்டார். பொடி சேறாகி வழிந்தது. வறட்டுத் துளை யந்திரங்களுக்கு அந்தத் தேசத்துத் தொழிலாளர் வைத்த பெயர் 'விதவையாக்கி' என்பது.

"உங்கள் யந்திரத்தில் தண்ணீர் இல்லையா, மாமா?" என்று அவரைக் கேட்டேன்.

"இல்லாமல் என்ன? குழாய் இருந்தது."

"பின்னே?"

அவர் சற்றுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நான்தான் மூடிவைப்பேன்" என்றார்.

ஏன் மூடினார் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட முட்டாள்தனமானதல்ல. அந்த ஆழத்தில் பாறையே அடுப்புப்போல் சுடும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போயிற்று என்பது நேயர்கள் அறிந்ததே. அந்த உஷ்ணத்தில் தண்ணீரும் சேர்ந்தால் புழுக்கம் தாங்காது. தலைக்கு மேலே துளைபோடும்போது சேறு கழுத்து வழியாக உள்ளே இறங்கும். நாள் முழுதும் நனைந்த துணியோடு நின்றுவிட்டு மேலே வந்தால் குளிர்க்காற்றில் ஜன்னி கண்டுவிடும். எத்தனை அடி துளைத்தோம் என்று கணக்குப் பார்ப்பவர் நிற்பார்; தண்ணீர் வேகத்தைக் கெடுக்கும் என்று ஒரு நம்பிக்கை. "நாலு பேர் மூடினால் ஐந்தாவது ஆள் திறந்து வைத்துக்கொண்டு நிற்பானா?" என்றார்.

அவர் இறந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. மாமா அறியாமையினால் மாண்டார் என்று நான் வெகுநாள் எண்ணியிருந்தேன். பிறகு என் அபிப்பிராயம் மாறிற்று. வேலை செய்கிறவனுடைய சௌகரியத்துக்கு விரோதமாக ஒரு பாதுகாப்பை வைத்து, அதைத் திறப்பதும் மூடுவதும் அவன் கையில் என்று விட்டுவிட்டால், சம்பளம் வாங்கும் மனிதன் எவனும் மூடத்தான் செய்வான். தண்ணீர் நின்றால் யந்திரமும் நிற்கும் என்று இருந்திருக்கவேண்டும். மாமாவை மாமாவே காப்பாற்றிக்கொள்வார் என்று எதிர்பார்த்தது சரியில்லை.

தங்கவயல் 2001-இல் மூடப்பட்டது. அந்தக் கதை அத்துடன் தீர்ந்ததென்று நினைத்திருந்தேன். சென்ற சித்திரையில் மாமாவின் பேரன் காந்தலுக்கு வந்து சேர்ந்தான்.

என் மைத்துனனுடைய மகன். சுரங்கப் படிப்பில் டிப்ளமா வாங்கியவன். இனிப்புப் பொட்டலத்துடன் வந்து நமஸ்காரம் செய்து, "மாமா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது" என்றான். எங்கே என்று கேட்டேன். கோதாவரிக் கரையில் ஒரு நிலக்கரிச் சுரங்கம், பூமிக்கு அடியில், யந்திரத்தை இயக்கும் வேலை. என் மனைவி இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாதீர்கள், மாமா. தாத்தா வெட்டினது கல். இது கரி. வெறுங்கையால் நொறுக்கலாம்" என்றான் பையன்.

நமது தேசத்து நிலக்கரியில் பெரும்பகுதி இப்போது திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டப்படுகிறது. நிலத்துக்கு அடியில் வேலை செய்யும் சுரங்கங்கள் சிலவற்றில்தான் இந்தப் பெரிய யந்திரங்கள் வந்திருக்கின்றன. பல் முளைத்த ஓர் உருளை சுழன்று கரியைச் சீவித் தள்ளும். அது சீவிக்கொண்டே முன்னேற, பின்னால் வேறொரு யந்திரம் மேற்கூரை இடிந்து விழாதபடி ஆளுயரத்துக்கும் மேற்பட்ட துளைகளைப் போட்டு எஃகுக் கம்பிகளைச் செருகி இறுக்கும். பையனுக்குக் கிடைத்திருப்பது இந்த இரண்டாவது யந்திரம்.

"கூரை என்ன, கரியா?" என்று கேட்டேன்.

"இல்லை, மணற்கல்" என்றான். சொல்லிவிட்டுச் சிறிது விழித்தான்.

மணற்கல்லில் படிகப் பொடி இல்லாமல் வேறென்ன இருக்கும்? தாத்தா செய்த அதே வேலை, தலைக்கு மேலே துளை, கல்லில் துளை. பேரனுக்குப் புது யந்திரம் என்பதைத் தவிர வித்தியாசம் ஒன்றுமில்லை. இதன் மேல் கரித்தூசி வேறு. வெறும் கரித்தூசியே வருஷக்கணக்கில் சேர்ந்தால் நுரையீரலைக் கறுக்க அடித்துவிடும்.

பையன் கெட்டிக்காரன். மறுநாள் காலையில் தன் கையிலிருந்த டெலிபோனில் படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்தான். எனக்கு அதில் பாதி விளங்கிற்று. அந்தப் பாதியே ஆச்சரியமாயிருந்தது. சீவும் உருளையைச் சுற்றித் தண்ணீர்த் தாரைகள். தூசிக் காற்றை உறிஞ்சி நனைத்து வடிகட்டும் விசிறி. யந்திரத்தின் மேல் உட்காராமல் தள்ளி நின்றே ஓட்டுவதற்கு ஒரு கைப்பெட்டி. துளைபோடுகிறவனுக்காக அமெரிக்காவில் செய்திருக்கும் ஓர் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அவன் தலைக்கு மேலிருக்கும் காப்புக் கூரையின் அடியில் ஒரு தட்டையான பெட்டி. அதில் நூற்றுக்கணக்கான சிறு துவாரங்கள். வடிகட்டிய காற்று அவற்றின் வழியாக மெதுவாக அவன் தலைமேல் இறங்கிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் தூசி பறந்தாலும் அவன் மூச்சுவிடும் இடம் மட்டும் ஒரு குடைக்குள் இருப்பதுபோல் சுத்தமாயிருக்கும். திறப்பதோ மூடுவதோ அவன் தயவில் இல்லை. மாமாவுக்கு அப்படி ஒரு குடை இருந்திருந்தால்!

"அது உன்னுடைய யந்திரத்தில் இருக்கிறதா?" என்றேன்.

"போய்ப் பார்த்தால்தான் தெரியும்" என்றான்.

அமெரிக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தத் தேசம் 1969-இல் சட்டம் செய்து கரித்தூசிக்கு வரம்பு கட்டிற்று. நோயும் குறைந்துகொண்டு வந்தது. ஒழிந்துவிட்டதென்றே சிலர் எண்ணினார்கள். ஆனால் வர்ஜீனியா மாகாணத்தில் மூன்றே வைத்திய நிலையங்களில், 2013-க்கும் 2017-க்கும் இடையில், நோயின் முற்றிய நிலையில் 416 பேரைக் கண்டுபிடித்ததாக 2018-இல் செய்தி வெளியாயிற்று. கனமான கரி தீர்ந்துபோய், மெல்லிய கரிப் படலத்துக்காகக் கல்லையும் சேர்த்து வெட்ட ஆரம்பித்ததை முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். பணக்காரத் தேசம், சட்டமும் யந்திரமும் உள்ள தேசம். அங்கேயே இப்படி.

நமது நாட்டில் சுரங்க விபத்து என்றால் 1975-இல் சாஸ்னாலாவில் வெள்ளம் புகுந்து 375 பேர் மாண்டது போன்றவைதான் நினைவுக்கு வருகின்றன. தூசியினால் சாகிறவன் சுரங்கத்தில் சாவதில்லை. பத்து, இருபது வருஷம் கழித்துத் தன் வீட்டுத் திண்ணையில் சாகிறான். பத்திரிகையில் அதற்கு இடமேது?

பையன் புறப்படுவதற்கு முதல் நாள் கடைவீதியில் நல்ல மூக்குக்கவசங்களாகப் பார்த்து ஒரு டஜன் வாங்கிவந்தேன். அவன் அடக்கமாக வாங்கிக்கொண்டான், பிறகு தன் தாடியைத் தடவிக்கொண்டு, "தாடி இருந்தால் இது சரியாகப் படியாது, மாமா. ஓரத்தில் காற்று நுழைந்துவிடும். படிந்தாலும் எட்டு மணிநேரம் இதைப் போட்டுக்கொண்டு கத்திப் பேசி வேலை செய்ய முடியாது. எல்லாக் காரியமும் செய்த பிறகு கடைசியாக இதைச் சொல்லவேண்டும் என்றுதான் எங்களுக்குப் பாடம்" என்றான்.

"அப்படியானால் முதலில் செய்யவேண்டியவற்றை நான் கேட்கிறேன், பதில் சொல்லு" என்றேன். உபாத்தியாயர் புத்தி எங்கே போகும்? "கரி சீவும் யந்திரம் ஓடும்போது நீ காற்று வருகிற பக்கம் நிற்பாயா, போகிற பக்கம் நிற்பாயா?"

"வருகிற பக்கம் நிற்கவேண்டும். கீழ்க்காற்றில் துளைபோடும்படி வேலையை அமைக்கக் கூடாது."

"துளையிலிருந்து உறிஞ்சின தூசி ஒரு பெட்டியில் சேரும் என்றாயே, அதைக் காலி செய்வது யார்?"

"நானும் உதவியாளனும். உள்ளே பை வைத்துப் பையோடு எடுத்தால் பறக்காது. கையால் வாரினால் அன்றைய தூசி முழுதும் முகத்தில்தான்."

"உன் யந்திரத்தில் தண்ணீர் விட்டுத் துளைப்பதாயிருந்து, அந்தத் தண்ணீர் நின்றுபோனால்?"

"நிறுத்தவேண்டும்."

"யந்திரம் தானாக நிற்குமா, நீ நிறுத்துவாயா?"

அவன் பதில் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான். எனக்கு மனம் சங்கடப்பட்டது. வேலைக்குப் போகிற பிள்ளையை வழியனுப்புகிற விதமா இது என்று என் மனைவி கோபித்துக்கொண்டாள். அவள் கோபம் நியாயந்தான். ஆனாலும் மூச்சு நின்ற மாமாவுக்கு நான் எழுதிய கடிதத்தை அவள் படித்ததில்லை.

சற்றுநேரத்தில் கொல்லைப்பக்கம் குழாயடியில் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பையன் குந்தி உட்கார்ந்திருந்தான். அவன் கையில் மாமாவின் துளைக்கம்பித் துண்டு. இத்தனை வருஷமும் கணப்பைக் கிளறிக் கிளறி ஒரு முனை கறுத்துப் போயிருந்தது. நடுத்துவாரம் கல்பொடி இறுகி அடைத்துக்கொண்டிருந்ததை நான் ஒருநாளும் கவனித்தவனல்ல. அவன் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளையாகப் பொடிக்கட்டி உதிர்ந்தது. உதிரும்போது மறக்காமல் குழாயைத் திறந்து அதன்மேல் தண்ணீரை விட்டுக்கொண்டான்.

பிறகு துவாரத்தைக் குழாயின் வாயில் பொருத்திப் பிடித்தான். முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் மறுமுனையில் சாம்பல் நிறமாகச் சொட்டிற்று. கொஞ்சங்கொஞ்சமாகத் தெளிந்து, நூல்போல நீளமாகத் தண்ணீர் வந்தது.

"இதை நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா, மாமா?" என்று கேட்டான்.

கணப்பைக் கிளற வேறு கம்பி வாங்கிக்கொண்டோம்.